அறுபதாவது கொசு

"ஐம்பத்தொன்பது" என்றார் யூனுஸ், முகமூடிக்குள்ளிருந்து.

அறையில் வேறு ஆள் இல்லை. கூண்டிலிருந்த கொசுக்களிடம்தான் சொன்னார். அவை மறுத்துப் பேசவில்லை.

அறுபது இருக்க வேண்டும். திங்கட்கிழமை மாலை அறுபது இருந்தது. பதிவேட்டில் அவர் கையெழுத்தோடு இருக்கிறது. செவ்வாய் காலை ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினார், அறுபத்திரண்டு வந்தது. மூன்றாம் முறை ஐம்பத்தேழு. பறக்கிற கொசுவை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. கூண்டின் கண்ணாடிப் பக்கமாக ஒரு படம் எடுத்து, கணினியில் பெரிதாக்கி, ஒவ்வொரு கொசுவின் மேலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். அப்படியும் செய்தார். ஐம்பத்தொன்பதாவது புள்ளி வைத்ததும் கொசு தீர்ந்துவிட்டது.

சமயநல்லூரைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்தது அந்தத் தனியார் ஆராய்ச்சி நிலையம். கொசுவின் வயிற்றில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமிகளை எல்லாம் எடுத்துவிட்டால் அது டெங்குவைப் பரப்புமா, பரப்பாதா என்பதுதான் ஆராய்ச்சி. அதற்குக் கிருமியே இல்லாத கொசு வேண்டும். முட்டையாக இருக்கும்போதே பிளீச்சிங்கிலும் ஸ்பிரிட்டிலும் குளிப்பாட்டி எடுப்பார்கள். புழுவுக்குக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீர், வேகவைத்த தீனி. சிறகு முளைத்த பிறகு, வடிகட்டிய காற்று. மூன்று நாளுக்கு ஒருமுறை, கிருமி நீக்கிய ஆட்டு ரத்தத்தை உடம்புச் சூட்டுக்குச் சுடவைத்து, மெல்லிய தோல் போர்த்திய கண்ணாடிக் கிண்ணத்தில் கொடுக்க வேண்டும். தெற்குவாசலில் யூனுஸின் வீட்டுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும், பாதி மண்ணோடு. அவருடைய மகள் ஹுமா வெளியிலிருந்து வந்தால் கால் கழுவுவதற்கே கெஞ்ச வேண்டும். இங்கே அவர் கொசுவைப் பார்க்கப் போவதற்கு முன்னால் தினமும் இரண்டு தடவை குளித்தார்.

பதினாறு வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவர். அது மூடப்பட்ட பிறகு ஐந்து மாதம் வேலையில்லை. அந்த ஐந்து மாதமும் விளக்குத்தூண் பக்கத்தில் மனைவியின் அண்ணன் ஷாகிர் நடத்தும் பெட்டி, பை விற்கும் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஷாகிர் சொல்வார்: "இவரு நம்ம மச்சான். வேலை தேடிக்கிட்டிருக்காரு." சூட்கேஸ் வாங்க வந்தவர்கள் எல்லாம் யூனுஸைப் பார்த்து "ப்ச்" என்றார்கள். நான்கு மாதத்துக்கு முன்பு இந்த வேலை கிடைத்தபோது அவர் சந்தோஷப்பட்டது சம்பளத்துக்காக அல்ல. ஸ்டூலிலிருந்து எழுந்ததற்காக.

நிலையத்தின் விதி ஒன்றே ஒன்றுதான். உயிரோடு இருப்பதும் செத்ததும் சேர்ந்து அறுபது வர வேண்டும். செத்தால் உடலைக் காட்ட வேண்டும். உடலும் இல்லை, உயிரும் இல்லை என்றால் அது தப்பித்துவிட்டதாக அர்த்தம். கொசு வெளியே போன வழியில் கிருமி உள்ளே வந்திருக்கும். கூண்டோடு எரித்துவிட்டு முட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பதினொரு மாதமாக ஒரு கொசுகூடக் குறைந்ததில்லை. வாசலில் ஒரு பலகையில் டாக்டர் ஹெப்சிபா தன் கையாலேயே அதை எழுதிவைத்திருந்தார்: "இழப்பின்றி 337 நாட்கள்." தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துப் புது எண் எழுதுவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கொசுவைக்கூட அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல்தான் எண்ணுவார்.

இப்போது அவர் சென்னையில் இருந்தார். சரியாக ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"கவுண்ட் எவ்வளவு யூனுஸ்?"

யூனுஸ் வாயைத் திறந்தார். கண்முன்னால் அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து நின்றது.

"அறுபது, மேடம்."

"குட். வெள்ளிக்கிழமை காலைல கமிட்டி நேரா லேபுக்கு வருது. நானும் அவங்களோட வந்துருவேன். அவங்க சரின்னு சொன்னாத்தான் நமக்கு அடுத்த வருஷம். புரியுதா?"

"புரியுது மேடம்."

"போர்டுல 338-ன்னு மாத்திருங்க."

மாற்றினார். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

பிறகு அறைக்குள் போய், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்போடு, டார்ச்சை வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார். செத்த கொசுவாவது கிடைத்தால் போதும். மேசைக்கு அடியில், குழாய் இடுக்கில், காற்றுச் சல்லடையின் ஓரத்தில். எங்கும் ஒரு தூசி இல்லை. அவ்வளவு சுத்தமான அறையில் ஒரு கொசுவின் உடல் கிடந்தால் யானை படுத்துக் கிடப்பதுபோல் தெரிந்திருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மாப்போடு நின்ற தங்கப்பொண்ணு தட்டினாள். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து கூட்டித் துடைப்பவள்.

"என்ன தம்பி, தவழுறீக?"

"ஒரு ஸ்க்ரூ விழுந்துருச்சுக்கா."

"எம்புட்டுப் பெரிய ஸ்க்ரூ?"

"கொசு அளவுதான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, யூனுஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது திடீரென்று ஒரு நம்பிக்கை பிறந்தது. கொசு ஏன் தன் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கக் கூடாது? அந்த நேரம் பார்த்து, கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த ஷாஹீதாவின் முழங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது.

"அடிக்காத!" என்று கத்தினார் யூனுஸ்.

ஷாஹீதா ஓங்கிய கையோடு நின்றாள். "என்னங்க? என் ரத்தத்தைக் குடிக்குது."

"குடிக்கட்டும். ரெண்டே நிமிஷம். வயிறு நெறஞ்சா மெதுவாத்தான் பறக்கும். நான் புடிச்சிருவேன்."

"கட்டிக்கிட்ட பொண்டாட்டிய விட்டுக் கொசுவுக்கு வக்காலத்து வாங்குறீங்களா?" என்று கேட்டு, பட்டென்று ஒன்று போட்டாள் ஷாஹீதா.

யூனுஸ் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கால் எங்க? கால்தான் முக்கியம். டெங்குக் கொசுன்னா கால்ல வெள்ளை வரி இருக்கும். ஹுமா, உன் பூதக்கண்ணாடிய எடுத்துட்டு வாம்மா!"

பூதக்கண்ணாடியில் பார்த்தால் வரி இல்லை. வெறும் சாக்கடைக் கொசு. அன்று ராத்திரிக்குள் கொசு பேட்டால் இருபத்துமூன்று கொசுக்களை வீழ்த்தி, தினசரித் தாளில் வரிசையாக அடுக்கிப் பார்த்தார் யூனுஸ். ஹுமாதான் பொறுக்கிக் கொடுத்தாள். இருபத்துமூன்றும் சாக்கடை.

"அத்தா, உங்க ஆபீஸ்ல இதுக்கா சம்பளம் தாராங்க?" என்று கேட்டாள் மகள்.

அடுப்படியில் ஷாஹீதா தாழ்ந்த குரலில் போன் பேசுவது கேட்டது. "ஆமாண்ணே... தாளுல கொசுவ அடுக்கிவச்சுப் பேசிக்கிட்டிருக்காரு... இல்லண்ணே, காய்ச்சல் எல்லாம் இல்ல..."

கொஞ்ச நேரத்தில் ஷாகிரே கூப்பிட்டார். "மச்சான், ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. ஸ்டூல் சும்மாத்தான் கெடக்கு."

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு யூனுஸ் வண்டியை எடுத்தார். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். பழைய டயருக்குள் தேங்கும் மழைத்தண்ணீர் என்றால் அதற்கு உயிர். காளவாசலில் ஒரு பழைய டயர்க் கடை அவருக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு டயர் அடுக்கியிருந்தது. யூனுஸ் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, ஒரு கையில் கண்ணாடிக் குழாயோடு, மறுகையை நீட்டியபடி டயர்களுக்கு நடுவே போய் நின்றார்.

கடைக்காரர் சூர்யபிரகாஷ் எட்டிப்பார்த்தார். "என்ன பாய், என்ன சைஸ் வேணும்?"

"சின்னதுதாண்ணே. கால்ல வரி போட்டது."

"கால்லயா? டயருக்கு ஏது பாய் காலு?"

"டயர் வேணாம்ணே. கொசு வேணும். ஒண்ணே ஒண்ணு."

சூர்யபிரகாஷ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தாராளமா புடிங்க. ரெண்டா வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, கல்லாவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிடம் எதுவும் வரவில்லை. வராது என்று நினைத்தபோது, அவர் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள் ஒருத்தி. கறுப்பு உடம்பு. காலில் வளையல் போட்டதுபோல் வெள்ளை வரி. யூனுஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் குடிக்கட்டும், வயிறாரக் குடிக்கட்டும்.

"ஏய்! யாருய்யா அது?"

மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் ரெங்கம்மாள். ஒரு கையில் டார்ச், மறுகையில் தொட்டித் தண்ணீரை அள்ளிப் புழு பார்க்கும் கரண்டி, பின்னால் புகை அடிக்கும் எந்திரத்தோடு ஓர் ஆள்.

"அடிய்யா அதை! வரிக் கொசு!"

"அம்மா, அம்மா, ஒரு நிமிஷம்! குடிச்சு முடிச்சிரட்டும்!"

ரெங்கம்மாள் கரண்டியை இடுப்பில் செருகினாள். "பத்து நாளா வீடு வீடாப் போயி தொட்டியக் கவுத்துக்கிட்டுத் திரியிறோம். நீ என்னடான்னா கைய நீட்டி விருந்து வைக்கிற? எங்க கொண்டுக்கிட்டுப் போற இத?"

"வேலைக்கும்மா."

"கொசுவுக்கு வேலையா?" அவள் நோட்டைத் திறந்தாள். "பேரச் சொல்லு. எந்தத் தெரு?"

யூனுஸ் கண்ணாடிக் குழாயை மணிக்கட்டின் மேல் கவிழ்த்து, பஞ்சால் வாயை அடைத்தார். அந்தப் பதற்றத்தில் நாக்கு தன்பாட்டுக்குப் பேசிவிட்டது.

"ஷாகிர். விளக்குத்தூண் பக்கம், பெட்டி, பை விக்கிற கடை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அதற்குள் புகை எந்திரம் உறுமத் தொடங்கியது. குழாயைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

திட்டம் எளிதானதாக இருந்தது. கொசுவைக் கொன்று, செத்ததை வைக்கும் குப்பியில் போட்டால் கணக்கு நேராகிவிடும். நிலையத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோதுதான் அந்தத் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. செத்த கொசு ஒவ்வொன்றையும் நசுக்கி, கிருமி முளைக்கும் தட்டில் தடவி வைப்பார்கள். கிருமி இருந்தால் இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். அந்தத் தட்டைப் பார்ப்பதும் எழுதுவதும் டாக்டருடைய வேலை. அதில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டார். பதினொரு மாதத்தில் ஒரு தட்டில்கூட ஒரு புள்ளி முளைத்ததில்லை. காளவாசல் டயரில் பிறந்ததைத் தடவினால் தட்டில் தோட்டமே வளரும். அதுவும் வெள்ளிக்கிழமை, கமிட்டியின் கண்முன்னால்.

உயிரோடு இருந்தால் யாரும் நசுக்கிப் பார்க்கப் போவதில்லை.

யூனுஸ் வெகுநேரம் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூண்டிலிருந்த ஐம்பத்தொன்பதும் பிறந்ததிலிருந்து ஒரு கிருமியைக்கூடப் பார்க்காதவை. நடுவே இவளைக் கொண்டுபோய் விடுவதென்றால்! ஆனாலும் ஸ்டூல் என்று ஒன்று இருக்கிறதே. கடைசியில் மனச்சாட்சிக்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். கொசுவை இரண்டு நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மயங்க வைத்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஆறு காலையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். சிறகைத் துடைத்தார். சுத்தமான தாளில் கிடத்தி உலரவைத்தார். அது மெல்ல எழுந்து, காலை உதறி, அவரை ஒரு பார்வை பார்த்தது. அதன் வயிற்றுக்குள் இருக்கும் கிருமிகளை என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

வெள்ளை உடுப்புக்குள், அக்குளில் குழாயை ஒளித்துக்கொண்டு இரண்டு கதவையும் தாண்டினார். கூண்டுக்குள் கை விடுவதற்காகச் சட்டைக்கை போன்ற ஒரு துணிக் குழல் தைத்திருக்கும். அதன் வழியாகக் குழாயை நுழைத்துப் பஞ்சை எடுத்தார்.

அறுபது.

அன்று வீட்டில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஷாஹீதா சந்தேகத்தோடு பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை ரத்தம் வைக்கும் நாள். கிண்ணத்தைச் சுடவைத்துக் கொடுத்தார். எல்லாம் வந்து மொய்த்துக் குடித்துவிட்டு, குன்றிமணி போன்ற வயிற்றோடு வலையில் தொங்கின. வழக்கம்போலப் படம் எடுத்து, புள்ளி வைத்துக்கொண்டு போனார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.

இன்னொன்று மீதி இருந்தது.

மறுபடி எண்ணினார். அறுபத்தொன்று.

துணிக் குழலின் மடிப்பை விரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு கொசு உட்கார்ந்திருந்த தடம், சின்ன மஞ்சள் எச்சம். காணாமல் போனது எங்கேயும் போகவில்லை. மூன்று நாளும் அந்த மடிப்புக்குள் சுகமாகப் படுத்திருந்துவிட்டு, ரத்தவாடை வந்ததும் எழுந்து வந்திருக்கிறது.

"யா அல்லாஹ்" என்றார் யூனுஸ். முகமூடிக் கண்ணாடி பனிமூட்டமாகிவிட்டது.

அவர் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் இன்று எல்லாம் சரியாக இருந்திருக்கும். இப்போது அறுபத்தொன்றில் ஒருத்தி காளவாசல்காரி. யார் அவள்? நேற்று ரத்தம் குடித்துப் புடைத்த வயிற்றோடு இருந்தவள் அவள் ஒருத்திதான், சுலபமாகக் கண்டுபிடித்திருக்கலாம். இன்று காலை அவர் தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் வயிறு நிறைய ஊற்றிவிட்டார். ஒரே கறுப்பு, ஒரே வரி, ஒரே வயிறு.

சரி, எண்ணிக்கையாவது அறுபது ஆகட்டும். பேட்டரியில் ஓடும் உறிஞ்சுகுழலை எடுத்தார். ஒன்றை உறிஞ்சப்போனால் பக்கத்தில் இருந்ததும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. ஒன்றைத் திருப்பி விடுவதற்காக மூடியை லேசாகத் திறந்தார். அந்த நேரம் உடுப்புப் பைக்குள் போன் அதிர்ந்தது. மூடி கையிலிருந்து நழுவியது. இரண்டும் வெளியே. ஒன்றை அவர் கையே பதறிப்போய், காட்டுவதற்கு உடல்கூட மிஞ்சாமல் நசுக்கிவிட்டது. மற்றது மேலே போய்க் காற்று உறிஞ்சும் சல்லடைக்குள் நுழைந்து மறைந்தது.

ஐம்பத்தொன்பது.

வெளியே வந்து போனைப் பார்த்தார். ஷாகிர்.

"மச்சான்! எவனோ ஒரு களவாணிப் பய என் பேரச் சொல்லிக் காளவாசல்ல கொசு வளக்குறானாம்! மாநகராட்சில இருந்து வந்து கடைக்குள்ள புகை அடிச்சுட்டுப் போயிட்டாங்க. அம்புட்டுப் பையும் நாறுது. கடை வாசல்ல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. கல்யாணச் சீசன் மச்சான்! அந்தப் பய மட்டும் என் கையில கெடச்சான்..."

யூனுஸ் காதிலிருந்து போனை எடுத்துவிட்டார். இனி அந்த ஸ்டூலும் இல்லை.

மாலைவரை நடைபாதைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே பலகையில் "இழப்பின்றி 340 நாட்கள்" என்று அவர் கையெழுத்து. இன்னொரு கொசு பிடிக்கப் போகலாம் என்ற யோசனை ஒருமுறை வந்தது. ரெங்கம்மாளின் நோட்டு நினைவுக்கு வந்ததும் அது போய்விட்டது. ஐம்பத்தொன்பது பேர், அதில் ஒருத்தி அழுக்கு, அல்லது அழுக்கானவள் செத்துப்போய் மிச்சமெல்லாம் சுத்தமோ, இல்லை நேற்றிலிருந்து அவளோடு இருந்து எல்லாமே கெட்டுப்போனதோ. டாக்டர் ஹெப்சிபா பதினொரு மாதமாகத் தூங்காமல் வளர்த்தது. அந்த அம்மா தன்னை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று நினைத்தபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

தங்கப்பொண்ணு வாளியோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மடியில் கிடந்த, சிவப்புப் புள்ளி வைத்த படத்தையும் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போங்க தம்பி. முகமே செத்துப்போயிருக்கு. காலைல வந்து துடைச்சு வைக்கிறேன், உள் ரூம்புச் சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தார். இனி யாரிடம் சாவி இருந்தால் என்ன.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு கார்கள் வந்தன. டாக்டர் ஹெப்சிபா கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், அளவுகோல் போல நிமிர்ந்து முன்னால் நடந்தார். கமிட்டியில் மூன்று பேர். தலைவர் வெள்ளை முடி வைத்த பெரியவர். யூனுஸுக்கு டாக்டரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று துடித்தது. "மேடம், ஒரு விஷயம்..." என்று இரண்டு தடவை ஆரம்பித்தார். "அப்புறம் யூனுஸ்" என்றார் டாக்டர் இரண்டு தடவையும், சிரித்த முகத்தைக் கமிட்டியின் பக்கமிருந்து திருப்பாமலேயே.

தலைவர் தட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். சுத்தம், சுத்தம், சுத்தம். பிறகு கண்ணாடி வழியாகக் கூண்டைப் பார்த்தார்.

"எண்ணிப் பார்க்கலாமா?"

"கண்டிப்பா சார்" என்றார் டாக்டர்.

யூனுஸ் படம் எடுத்தார். கணினித் திரையில் பெரிதாக்கினார். தலைவர் தானே சுட்டியைப் பிடித்துப் புள்ளி வைக்கத் தொடங்கினார். யூனுஸ் கண்ணை மூடிக்கொண்டார். மனதுக்குள் ஷாஹீதாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு என்று பெரியவர் நிதானமாக எண்ணுவது எங்கோ தூரத்தில் கேட்டது.

"...ஐம்பத்தொன்பது. அறுபது. பிரமாதம்!"

யூனுஸ் கண்ணைத் திறந்தார். திரையில் அறுபது சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவரும் எண்ணினார், உதடு அசையாமல். அறுபது. நேற்று ஐம்பத்தொன்பது. கூண்டு பூட்டியிருக்கிறது. முட்டையிலிருந்து ஒன்று வளர்ந்து வருவதற்குப் பத்து நாள் ஆகும்.

"மத்த ஊர்கள்ல வாரத்துக்கு நாலஞ்சு குறையுது" என்றார் தலைவர். "பதினொரு மாசம் ஒண்ணுகூடக் குறையாம எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"

"ஒழுங்கு சார்" என்றார் டாக்டர் ஹெப்சிபா. "எண்ணிக்கையில மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

தலைவர் யூனுஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வருடமும் உண்டு, அதற்கடுத்த வருடமும் உண்டு. அது மட்டுமில்லை, நாட்டில் இன்னும் ஆறு இடங்களில் இதேபோல் கொசு வளர்க்கப் போகிறார்கள். அங்கெல்லாம் போய், ஒன்றுகூடக் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று யூனுஸ்தான் பாடம் நடத்த வேண்டும். யூனுஸ் தலையை ஆட்டினார். ஆட்டாமல் இருந்திருந்தால் அழுதிருப்பார்.

கமிட்டி பிரியாணி சாப்பிடப் போனதும் பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். ஒரு பொய் ஆறு ஊருக்குப் போகப் போகிறது. அந்த அறுபதாவது எங்கிருந்து வந்தது என்பதுகூடத் தெரியாமல், எதைச் சொல்லிக்கொடுப்பது? தங்கப்பொண்ணு வாளித் தண்ணீரைக் கொட்ட வந்தாள். "என்ன தம்பி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல, பெறகு ஏன் இப்படி?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அணை உடைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஷாஹீதாவின் முழங்கை, டயர்க் கடை, ஸ்பிரிட்டில் கால் துடைத்தது, அக்குளில் ஒளித்தது, மச்சான் கடையில் புகை அடித்தது. சொல்லச் சொல்ல மூக்கை உறிஞ்சினார்.

"நான் பாவிக்கா. நம்பிக் குடுத்த அம்மாவுக்குத் துரோகம் பண்ணிட்டேன். கமிட்டி போனதும் உள்ள போயி அவங்க கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிரப் போறேன். காளவாசல் கொசுவ இந்தக் கூண்டுக்குள்ள விட்டவன் நாந்தான்னு சொல்லிரப் போறேன்."

தங்கப்பொண்ணு வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் நிஜமான இரக்கம் இருந்தது.

"அடக் கூறுகெட்ட தம்பி, ஒரு கொசுவுக்குக் காளவாசல் வரைக்குமா போனீக? டாக்டரம்மாவும் நானும் எப்பவும் ஜெனரேட்டர் ரூம்புக்குப் பின்னால கெடக்குற ஒடஞ்ச தொட்டியிலதேன் புடிப்போம்!"